பிளஸ் ஒன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

அரசுப் பள்ளியா, மெட்ரிக் பள்ளியா, எதில் படிப்பு கெட்டி என்ற பேச்சில் ஒன்று மறந்துபோகிறது. சமச்சீர் கல்வி முழுசாக வந்த 2011 முதல் இரண்டுக்கும் புத்தகம் ஒன்றுதான். மெட்ரிக் என்பது பெயர்ப்பலகையில் மட்டும். (சிபிஎஸ்இ கதை வேறு.)

தேர்ச்சி விழுக்காட்டை வைத்தும் எடைபோட முடியாது. பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பின்னிரண்டையும் பள்ளிகள் பெரும்பாலும் தாராளமாகவே போடுகின்றன. மிச்சம், எழுத்தில் 15 எடுத்தால் பாஸ். மெல்லக் கற்போருக்கு அரசுப் பள்ளியில் கொடுக்கும் கையேடு குறிவைப்பது இந்தப் பதினைந்தைத்தான். எட்டாவது வரை ஆல் பாஸில் வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு ஆசிரியர் வேறென்ன செய்வார்?

தனியார் பள்ளியின் நோய் வேறு. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, பிளஸ் டூவை இரண்டு வருஷம் உருப்போட வைப்பது. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானதும் பிடி தளர்ந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வே இல்லை. பழைய பழக்கத்துக்குக் கதவு திறந்தாயிற்று.

சேதம் எங்கே தெரியும்? பிளஸ் டூ இயற்பியலின் முதல் அலகிலேயே. மின் இருமுனையின் (சமமான, எதிரெதிர் மின்னூட்டங்களின் ஜோடி) மின்புலத்தைத் தருவிக்க, வெக்டரை, அதாவது திசையுள்ள அளவை, கூறுகளாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். அது பிளஸ் ஒன் இயக்கவியலில் இருக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டி வந்த பிள்ளை தருவிப்பைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்து ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடும். நீட் தேர்வில் கோணத்தை மாற்றிக் கேட்டால் கை நிற்கும்.

அதனால், சேர்க்கும் முன் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டைப் பாருங்கள். மொத்தம் 11 அலகு. சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல் இரண்டிலும் போட்ட கணக்குகள் இருக்கின்றனவா? அரசுப் பள்ளியென்றால் முதுகலை இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியா என்று கேளுங்கள். ஆள் இருந்தால் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவராகவோ பதவி உயர்வில் வந்தவராகவோ இருப்பார். தனியாரில், போன வருஷம் எடுத்தவரே இந்த வருஷமும் எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறை ரெக்கார்டு இன்னும் நல்ல சாட்சி. பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் தரம் பார்த்தலில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைக்கும் புள்ளியை ஆளுக்கொரு கண் பார்க்கும். பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அளவு 0.1, 0.2 மி.லி. முன்னே பின்னே வரும். நாலு பேர் ரெக்கார்டிலும் அச்சு மாறாமல் ஒரே எண் இருந்தால், அந்த எண் கரும்பலகையிலிருந்து வந்தது.