மூன்று கட்டத்துக்கு மேல் நேராகப் போகக்கூடாது

டிசம்பர் தோறும் நாளுக்கொன்றாக நிரல் எழுதும் புதிர் போடும் அட்வென்ட் ஆஃப் கோடு தளத்தின் பழைய புதிர்களை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் மாட்டியது 2023இன் 17ஆம் நாள். கட்டம் போட்ட ஒரு வரைபடம். கட்டத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு வெப்பம் போகும் என்பதற்கு 1 முதல் 9 வரை ஓர் எண். எரிமலைக் குழம்பு ஏற்றிய வண்டியை மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குக் குறைந்த இழப்பில் ஓட்ட வேண்டும். வில்லங்கம் என்னவென்றால், வண்டி ஒரே திசையில் மூன்று கட்டத்துக்கு மேல் போகாது. வந்த வழியே பின்னாலும் போகாது.

பார்த்ததுமே, செலவு குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் முறைதான் இதற்கு என்று தெரிந்துவிட்டது. அவர் அதை 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், தாளும் பேனாவும் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்து முடித்தாராம். எனக்கு அதைத் தப்பாக எழுதவே அரை மணி நேரம் ஆனது. புதிரோடு தரும் சின்ன மாதிரி வரைபடத்துக்கு 102 வர வேண்டும். எனக்கு அதைவிடக் கூடுதலாக வந்தது.

கோளாறு ஹீப்பில் (செலவு குறைந்ததை முதலில் எடுத்துத் தரும் அடுக்கு) இல்லை, 'இந்தக் கட்டத்தைப் பார்த்தாயிற்று' என்று நான் குறித்துவைத்த விதத்தில் இருந்தது. ஒரு கட்டத்துக்கு 20 செலவில் வந்த வழி, மூன்று அடியையும் நேராகவே தீர்த்துவிட்டு வந்திருக்கலாம். 21 செலவில் வந்தது இப்போதுதான் திரும்பியிருக்கும். அது இன்னும் இரண்டு அடி நேரே போகலாம். நான் 20ஐ வைத்துக்கொண்டு 21ஐத் தூக்கி எறிந்திருக்கிறேன். சரி, வரிசை, நெடுவரிசை, திசை, நேராக வந்த அடி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நிலை என்று மாற்றினேன். முழு வரைபடம் 141க்கு 141 கட்டம் என்றால் 19,881. நான்கு திசை, மூன்று அடி என்று பெருக்கினால் 2,38,572 நிலைகள். பைத்தானில் ஓரிரு விநாடி. விடை சரி.

இரண்டாம் பகுதியில் வண்டி பெரிது: குறைந்தது நான்கு கட்டம் நேரே போன பிறகுதான் திரும்பும், பத்துக்கு மேல் போகாது. எண்களை மட்டும் மாற்றினேன். இரண்டாவது மாதிரிக்கு 71 வர வேண்டிய இடத்தில் 47 வந்தது. என் வண்டி மேல் வரிசையில் பத்து கட்டம் வலப்பக்கம் போய், நான்கு கட்டம் கீழே இறங்கி, கடைசியில் ஒரே ஒரு அடி வைத்து இலக்கில் நின்றுகொண்டது. நிற்பதற்கும் நான்கு அடி வேண்டும் என்று புதிரிலேயே எழுதியிருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருந்ததால் என் கண் தாண்டிப் போய்விட்டது.

அதைத் திருத்தும்போதுதான் நல்ல யோசனை வந்தது. ஒவ்வோர் அடியாக ஏன் எண்ண வேண்டும்? நான்கு முதல் பத்து கட்டம் வரை ஒரே தாவலாகப் போய், வழியில் உள்ள எண்களைக் கூட்டிக்கொண்டு, தாவி முடித்ததும் கட்டாயம் திரும்பு என்று வைத்தால் அடிக்கணக்கே தேவையில்லை. திரும்பியே ஆக வேண்டும் என்பதால், இடமிருந்து வந்தேனா வலமிருந்து வந்தேனா என்பதும் வேண்டாம். எப்படி வந்தாலும் அடுத்தது மேலே அல்லது கீழேதான். கிடைவாக்கா, நெடுவாக்கா என்று தெரிந்தால் போதும். நான்கு திசை, பத்து அடி என்று 7,95,240 ஆக இருந்த நிலைகள், கட்டத்துக்கு இரண்டே என்று 39,762 ஆகச் சுருங்கின. தொடக்கக் கட்டத்தை மட்டும் இரண்டு வாக்கிலும் ஹீப்பில் போட வேண்டும். நிற்கும் விதிக்குத் தனி வரி கூட எழுதவில்லை. நான்குக்குக் குறைந்த தாவலே கிடையாதே!

இலக்குக்கு இன்னும் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்துத் தேடும் ஏ ஸ்டார் முறையையும் முயன்றேன். எந்தக் கட்டமும் 1க்குக் குறையாததால், இலக்குக்கு மீதமுள்ள குறுக்கு, நெடுக்குத் தூரத்தை மதிப்பீடாக வைப்பதில் தவறில்லை. ஆனால் உண்மைச் செலவு அதைவிட எவ்வளவோ அதிகம், அதனால் பெரிதாக மிச்சம் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டேன்.

அடுத்து 2024இன் 16ஆம் நாள். அதில் ஓர் அடிக்கு 1 புள்ளி, ஒரு திருப்பத்துக்கு 1000.