கேட் ஆபீஸ் நாட்குறிப்பு: கதவில் எழுதியிருக்கும் எண்கள்

ஜூன் 9, திங்கள்
பழைய பிரின்டரை நகர்த்தும்போது லேமினேட் செய்த தாள் ஒன்று விழுந்தது. கன்டெய்னர் எண்ணின் கடைசியில் கட்டம் கட்டிய இலக்கத்தைக் கணக்கிடும் அட்டவணை, ஐ.எஸ்.ஓ 6346 (கன்டெய்னர் எண்களுக்கான சர்வதேசத் தரம்). மணலி, திருவொற்றியூர் யார்டுகளில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு என்ட்ரி போடுகிறவர்கள் இன்னும் உண்டு.

ஏ என்றால் 10, அடுத்த எழுத்து 12, இப்படியே இசட் 38 வரை. 11, 22, 33 மட்டும் கிடையாது. முதல் பத்து இடங்களை வரிசையாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்ட வேண்டும். 11-ஆல் வகுத்த மீதிதான் கடைசி இலக்கம்; மீதி 10 வந்தால் 0.

சி.எஸ்.கியூ.யூ 305438 போட்டுப் பார்த்தால்: 13+60+112+256+48+0+320+512+768+4,096 = 6,185. மீதி 3. பெட்டியில் இருக்க வேண்டியதும் 3.

ஜூன் 10, செவ்வாய்
எக்செல்லில் ஏற்றியாயிற்று. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பிடித்துவிடுகிறது (மீதி 10-க்கும் 0-க்கும் ஒரே இலக்கம் என்பதால் எப்போதாவது நழுவும்). எழுத்தில்தான் ஓட்டை. எஃப் 16, வாக்கிடாக்கியில் ‘பீட்டர் பி’ என்போமே, அது 27. வித்தியாசம் சரியாக 11, அதனால் ஒன்றுக்கு மற்றது போட்டாலும் கணக்கு ‘சரி’ என்றே சொல்லும். உப்புக் காற்றில் பெயின்ட் உரியும் ஊரில் இது சின்ன விஷயமில்லை: பீட்டர் பி-யின் வலப்பக்க வளைவு போனால் மிச்சம் எஃப். ஹெச், ஆர் ஜோடியும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் பக்கச் சுவரிலும் கூரையிலும் அதே எண் இருக்கும், அங்கே பார்ப்பதே வழி.

ஜூன் 12, வியாழன்
“அண்ணே, இது ஹைக்யூப், கதவுல பாருங்க” என்றார் டிரெய்லர் டிரைவர், டீ குடித்தபடி. ஹைக்யூப் என்றால் உயரம் கூடிய பெட்டி. அளவும் வகையும் சொல்லும் குறியீடு புக்கிங்கில் 42 ஜி 1, கதவில் 45 ஜி 1. முதல் 4 நாற்பது அடி நீளம். அடுத்த இலக்கம் உயரம்: 2 என்றால் 8 அடி 6 அங்குலம், 5 என்றால் 9 அடி 6.

ஜூன் 16, திங்கள்
எடைமேடைச் சீட்டு தேடப்போய் இன்னொன்று சிக்கியது. நாற்பதடிக்கெல்லாம் ஒரே டேர் (காலிப் பெட்டியின் எடை) போட்டு வி.ஜி.எம் (சரிபார்த்த மொத்த எடை) தயாராகியிருக்கிறது. 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம் இல்லாமல் ஏற்றுமதிப் பெட்டி கப்பலேறாது. சரக்கு, பேக்கிங், முட்டுக்கட்டை எல்லாம் கூட்டும் முறையில் டேரும் சேரும். ஒரே அளவுப் பெட்டிகளிலேயே அது மாறும். கதவில் எழுதியதைத்தான் எடுக்க வேண்டும். அதிகபட்ச மொத்த எடை சி.எஸ்.சி தகட்டிலும் (பெட்டியில் பொருத்திய பாதுகாப்பு ஒப்புதல் தகடு) கதவிலும் ஒத்துப்போகாவிட்டால் ஏற்றாமல் கப்பல் லைனுக்கு மெயில் போடுங்கள், போட்டோவோடு.