முற்றத்தைத் திறந்தோம்

எங்கள் கும்பகோணத்து வீடு 16 அடி அகலம், 90 அடி நீளம். இருபக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியே கிடையாது. வெளிச்சம் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். முன்பு இருந்தவர்கள் முற்றத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். பகலிலும் கூடத்தில் டியூப்லைட் எரிந்தது.

"இடிச்சா மழைத்தண்ணி உள்ள வருமேம்மா" என்றார் கொத்தனார். "வரட்டும்ணே, முற்றம்னா வரத்தானே செய்யும்" என்றேன். தரையை அரை அடி தாழ்த்தி, கொல்லை வரைக்கும் குழாய் பதித்தோம். மேலே இரும்புக் கம்பி மட்டும், குரங்குக்காக. பாலிகார்பனேட் ஷீட் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அது வெளிச்சத்தை விடும். சூட்டை வெளியே விடாது. திறந்த முற்றத்தில் சூடான காற்று மேலேறிப் போய்விடும், திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக் காற்று வரும்.

செடிகளை வெயில் பார்த்து வைத்தேன். சித்திரை முதல் வாரத்து உச்சிவேளையில் நம் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். வெயில் வடக்குப் பக்கம்தான் விழும். அதனால் மல்லிகை வடக்குச் சுவரோரம், வெற்றிலைக் கொடி தெற்கு மூலை நிழலில். அத்தைக்கு வெற்றிலைதான் உயிர். சாப்பிட்டதும் தானே போய்ப் பறித்துக்கொள்கிறார்.

அடுத்து, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள ரேழியில் இரண்டு கண்ணாடி ஓடு மாற்ற வேண்டும்.