ஜிப்ஸியைக் கழற்றி மாட்டும் நாட்குறிப்பு

ஜனவரி 5

வண்டி ஸ்டாண்டில் ஏறிவிட்டது. சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் நாலு ஸ்டாண்டு. அது போதாதென்று கழற்றிய சக்கரங்களையும் இரண்டு பக்கமும் கீழே படுக்கப் போட்டிருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நான் படுப்பதில்லை.

1997 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், ஜீப் மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. 1298 சிசி, கார்புரேட்டர், ஐந்து கியர். லேடர் சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். சுஸுகியின் எஸ்ஜே வரிசையில் நீள வீல்பேஸ் வண்டி இது: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2375 மில்லிமீட்டர். வேறு நாடுகளில் சாமுராய் என்ற பேரில் ஓடிய வண்டிக்கு நெருங்கிய சொந்தம். அதனால் சாமுராய்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதில் பாதி இதற்கும் பொருந்தும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். எத்தனை இன்ச் தூக்கப் போறீங்க, என்ன டயர்? இப்போது 55 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்குகிறது. இந்த நிலையில் பெரிய டயர் மாட்டுவது கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிவது. கம்பெனி கொடுத்த வண்டி முதலில் கம்பெனி கொடுத்தபடி ஓடட்டும், மேல்வேலையெல்லாம் அப்புறம்.

ஜனவரி 12

இன்று முழுக்கப் போல்ட்டோடு மல்லுக்கட்டு. முன் ஸ்பிரிங்கின் கண்ணில், அதாவது முனை வளையத்தில், போல்ட்டும் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. நட்டு கழன்றது, போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், தட்டினேன், கடைசியில் கிரைண்டர்.

ஸ்க்ரூ விஷயத்தில் ஒன்று எழுதி வைக்கணும். இந்த வண்டியின் ஸ்க்ரூ தலை பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பான் அளவு, ஜேஐஎஸ். பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பித் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் முனை போட்டதும் கார்புரேட்டர் ஸ்க்ரூ எல்லாம் சொன்ன பேச்சு கேட்கின்றன. பல ஸ்க்ரூவில் தலையோரம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம்.

ஜனவரி 26

வலது முன் நக்கிளை, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டை, பிரித்தாயிற்று. உதறல் குடியிருந்தது இங்கேதான்.

ஆக்ஸில் முனையில் உருண்டையான ஒரு கூடு. மேலே ஒரு கிங்பின் (திருகு அச்சு), கீழே ஒரு கிங்பின். இரண்டும் டேப்பர் ரோலர் பேரிங்கில் உட்காரும், சக்கரம் இடம் வலம் திரும்புவது இவற்றின்மேல்தான். கீழ்ப் பேரிங்கின் கப்பைத் துடைத்துவிட்டு உள்ளே விரலை ஓட்டினேன். நகத்தில் வரிவரியாகத் தட்டுகிறது. ஒவ்வொரு ரோலரும் நின்ற இடத்திலேயே குத்திக் குத்திப் பதித்த தடம். வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பகுதி நேராகத்தானே போகிறது? ஆகவே அடியும் அந்த நிலையிலேயே விழுகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தால் ஆட்டம் தெரியாமல் போவதும், நேராக வைத்து ஆட்டினால் கடகடப்பதும் அதனால்தான்.

கூட்டுக்குள் இருந்ததை கிரீஸ் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆக்ஸிலின் உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் எண்ணெய் இங்கே வந்து கலந்து, எல்லாம் தண்ணியாகிக் கறுத்துக் கிடக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்தால் வெளிச் சீலை மட்டும் மாற்றுவது பலர் வழக்கம். கசிவின் மூலம் உள்ளே இருக்கிறது. நல்லவேளை, சக்கரத்துக்கு இழுவையைக் கடத்தும் ஜாயிண்டின் ஆறு குண்டும் பளபளவென்று இருக்கின்றன. கழுவி, மாலிப்டினம் கிரீஸ் அடைத்து மூடினால் இன்னொரு ஆயுசு ஓடும்.

பிப்ரவரி 2

புதுப் பேரிங் உள்ளே போய்விட்டது. ஆனால் பேரிங் புதுசு என்பதால் மட்டும் உதறல் போகாது. அது என்ன இறுக்கத்தில் உட்காருகிறது என்பதில்தான் காரியமே இருக்கிறது. கிங்பின் தட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம்கள், இடைத் தகடுகள், இருக்கும். ஒன்றை உருவினால் கிங்பின் உள்ளே இறங்கிப் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். பெரிய ஆயில் சீலை மாட்டாமல், டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) நுழையும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் போட்டு இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கணும். சீல் போட்ட பிறகு அளந்தால் அதன் உராய்வும் சேர்ந்துகொண்டு பொய்க் கணக்கு காட்டும்.

முதலில் முள் அசையவே இல்லை. ஷிம் உருவி, மாட்டி, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுபடி இழுத்து, ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினேன். கையேடு சொல்லும் எல்லைக்குள் வருகிறது. முதுகு விட்டுப்போச்சு.

இடது பக்கமும் இதே கதை, திரும்ப எழுதவில்லை.

பிப்ரவரி 16

வெல்டிங் அண்ணன் வந்தார். பின் ஸ்பிரிங்கை சேசிஸோடு பிணைக்கும் ஷேக்கிளின் தாங்கிக்குப் பக்கத்தில் சேசிஸை சுத்தியலால் தட்டினார். கணீர், கணீர், அப்புறம் சொத்தென்று ஒரு சத்தம். பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி. சேசிஸில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் வாழ்க.

"மேல ஒட்டு போட்டுரலாமா அண்ணே?"

"வேணாம் தம்பி. அழுகுனத வெட்டி எடுத்துட்டு நல்ல இரும்புல புடிப்போம். மேல ஒட்டுனா அடியில இருக்கறது தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

பெட்ரோல் டேங்கை முன்னாடியே இறக்கி வெளியே வைத்தாயிற்று, பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பையும் பிரித்தாயிற்று. ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல் இங்கே கொஞ்சம், எதிர் ஓரத்தில் கொஞ்சம் என்று மாறி மாறிப் பிடித்தார், சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். எபாக்ஸி பிரைமர் அடித்தேன். சேசிஸ் துரு உள்ளிருந்து வெளியே வருவது, வெளியே எத்தனை கோட்டு அடித்தும் புண்ணியமில்லை. ஆகவே தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பிவிட்டுத் திறந்து, பெயிண்ட் காய்ந்தபின் குழாய் விட்டு உள்ளே மெழுகு அடிக்கணும்.

மார்ச் 2

புஷ் வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் சின்னச் சின்ன பிராக்கெட்டுகளை மின்சாரம் விட்டுத் துரு எடுத்தேன். சோடா உப்புக் கரைசல், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த துண்டுக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. ஸ்டெயின்லெஸ் தகடு போடவே கூடாது, விஷக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் வேலை கதவு திறந்த இடத்தில்தான். ஸ்பிரிங் பட்டைகளை இதில் போடவில்லை. அந்த மாதிரிக் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் முறியும் குணம் வந்துவிடும். அவற்றுக்குக் கம்பி பிரஷ்ஷே போதும்.

மார்ச் 16

புஷ் வந்தது, ஸ்பிரிங் ஏறியது. போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி வைத்திருக்கிறேன். வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் ஸ்பிரிங் படிந்த பிறகுதான் கடைசி இறுக்கம். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் கவ்விக்கொள்ளும். கீழே இறக்கினதும் முறுக்கேறி, கொஞ்ச நாளில் கிழியும். வண்டியும் ஒரு பக்கம் தூக்கலாக நிற்கும்.

ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மேலே ஏற்றி மாட்டினால் ஒரேயடியாக உயரும், நண்பர்கள் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாம். கூடவே ஸ்டீயரிங் கம்பியின் சாய்வு மாறும், பிரேக் பிடித்தால் ஆக்ஸில் சுருளப் பார்க்கும், ஷாஃப்ட் கோணம் கெடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் செய்துகொண்டே போகணும். எனக்கு வேண்டாம்.

மார்ச் 30

பிரேக். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் இரண்டும் கசிவு, மாற்றினேன். லைன் முழுக்கப் புது பிரேக் எண்ணெய், டாட் 4 தரம். புதுசாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 155. டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று கீழே போவது ஏன் என்று இந்த இரண்டாவது எண் சொல்லிவிடும். மூடியைத் திறந்து வைத்த பழைய பாட்டிலைத் தூக்கிப் போட்டேன்.

ஏப்ரல் 12

ஹெட்லைட் மங்கலுக்கு எல்இடி தேடவேண்டியதில்லை. இரண்டு 60 வாட் பல்பு என்றால் சுமார் 10 ஆம்பியர். அத்தனையும் ஸ்டீயரிங் அருகே இருக்கும் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பின் கனெக்டரில் 11.6. இரண்டு ரிலே, ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், நல்ல எர்த். இப்போது அதே பல்பில் 13.5. வயர் இழுத்த வேலைக்கு இதைவிடப் பெரிய பலன் இந்த வண்டியில் இதுவரை கிடைக்கவில்லை.

ஏப்ரல் 27

ஓட்டினேன். 60, 70, பள்ளத்தில் இறக்கியும் பார்த்தேன். ஸ்டீயரிங் அசையவில்லை.

இனி டயர் பற்றிப் பேசலாம். இருப்பது 205/70 ஆர் 15, விட்டம் 668 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703 சொச்சம், ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 என்றால் நிஜத்தில் 63. ஆக்ஸில் தரையிலிருந்து கூடுதலாக எழும்புவது அந்த வித்தியாசத்தில் பாதி, 18 மில்லிமீட்டர்தான். 235/75-க்கு ஆசைப்பட்டால் வித்தியாசம் 10 சதவீதத்துக்குப் பக்கம், இந்த இன்ஜின் மேட்டில் திணறும். 215 போதும்.

மே 11

டிரான்ஸ்பர் கேஸை, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, இறக்கிவிட்டேன். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட், கேஸ் தனியாக ரப்பர் தாங்கிகளில் தொங்கும். அதனால் ஒற்றை ஆளாக இறக்க முடிகிறது. தாங்கி ரப்பர் ஒன்று இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு மிதித்தால் வந்த "டொக்" இதுதான்.

மெதுவாக, பலமாக இழுக்க அதில் இருக்கும் லோ கியரின் விகிதம் 2.268. டயர் பெரிதானதும் கணக்குப்படி அது 2.15 அளவுக்கு இறங்கிவிடும். பாறையில் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஏற வேண்டியிருக்கும். சாமுராய்க்காரர்கள் இதற்கு லோ விகிதத்தை 4.16 ஆக்கும் பல்சக்கரம் போடுகிறார்கள், மேல்வேலையில் நான் மனசார ஒத்துக்கொள்கிற ஒன்று அது. கேஸ் திறந்திருக்கும்போதே போடுவதுதான் புத்தி. ஆனால் உள்ளே பேரிங் இரண்டில் சத்தம் இருக்கிறது, சீல் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. முதலில் அவற்றுக்குப் பட்டியல் எழுதியிருக்கிறேன். கை இருப்பு மிஞ்சினால் 4.16. இல்லையென்றால் பழைய பல்லோடு மூடி மாட்டிவிட்டு, 205 டயரிலேயே ஓட்டுவேன்.