அறுபத்தெட்டுக்குக் கீழே

ஜனவரி 9

இன்றும் அழைப்பு வரவில்லை.

ஜனவரி 10

ஆற்றுத் தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்பாவுக்குச் செல்சியஸில் சொல்ல வேண்டும்: 20. அதற்கு மேலே இருந்தால் கடற்பசுக்கள் இந்த ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றிலேயே மேய்ந்துகொண்டு கிடக்கும், ஊற்றுப் பக்கம் கூட்டமாக வராது. பார்க்கத்தான் குண்டு, உடம்பில் குளிர் தாங்கும் கொழுப்பு அவ்வளவாகக் கிடையாது. ப்ளூ ஸ்பிரிங் ஊற்று வருஷம் முழுக்க 72-லேயே நிற்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், மேலே எவ்வளவு குளிரடித்தாலும் அதற்குக் கவலையில்லை.

இங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் ஒரு குளிர்காலமா?

ஜனவரி 13

"டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்." அதே பெண், அதே வாக்கியம். நான் போனில் பேசும்போது பக்கத்து அறையில் டிவி சத்தம் குறைந்தது. வைத்ததும் ஏறியது.

ஜனவரி 14

பொங்கல். குக்கரில் பொங்கவில்லை, வெந்தது. அப்பா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். வானிலையில் வெள்ளிக்கிழமை அதிகாலைக்கு 36 காட்டுகிறது. இவர் அலுவலகத்தில் லீவு கிடைக்காது என்றார். பரவாயில்லை, நாங்கள் போகிறோம்.

ஜனவரி 16

34 ஆகிவிட்டது! காலையிலிருந்து எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. போனைக் கையில் வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 17

கூட்டம் நிறைந்தால் கேட்டை மூடிவிடுவார்கள் என்று இருட்டிலேயே கிளம்பினோம். அப்பாவுக்கு மங்கி குல்லா, மருமகனின் ஜாக்கெட், பேன்ட்டுக்குள் இன்னொரு பேன்ட். வண்டிக்கு 6 டாலர் என்றதும் வழக்கம்போல ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் வந்தாலும் இதேதானா? அவரையும் இழுத்துட்டு வந்திருக்கலாமேத்தா" என்றார்.

மரப்பாதையின் முதல் வளைவிலேயே நின்றுவிட்டார். அடி மணல் தெரிகிற பச்சைத் தண்ணீரில், கிடங்கில் அடுக்கிய அரிசி மூட்டைகள் மாதிரி கிடந்தன. 2024 ஜனவரியில் ஒரே நாளில் இங்கே 932 எண்ணியிருக்கிறார்கள். சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"வால் வட்டமா இருக்கு" என்றார் கடைசியில். "நம்ம ஊருக் கடற்பசு, ஆவுளியாவுக்குப் பிளந்திருக்கும்." மணமேல்குடிக்காரர், அவரிடம் போய் நான் பாடம் எடுக்க முடியுமா?

மூக்குத் துவாரத்துக்கு மூடி இருக்கிறது. மேலே வந்ததும் திறந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு, உடனே அடைப்பு. ஓய்வாகக் கிடக்கும்போது இருபது நிமிஷம் வரைகூட மூச்சடக்கும். அப்பா ஒன்றைக் குறிவைத்து வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். அது வருவதாக இல்லை. பக்கத்தில் இருந்ததெல்லாம் வந்து போயிற்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கிளம்பலாம்ப்பா என்றேன். பேசாதே என்று கை காட்டினார். வந்தது. "பதினோரு நிமிஷம்!" என்றார், தானே அடக்கி ஜெயித்ததுபோல.

முதுகுகளில் வெள்ளைக் கோடுகள், பக்கத்துப் பக்கத்தில், படகின் புரொபெல்லர் கிழித்தவை. தழும்பு இல்லாத முதுகைத் தேட வேண்டியிருக்கிறது. எது எது என்று ஆய்வாளர்கள் அந்தத் தழும்புகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். இதைப் படித்துக் காட்டும்போது அப்பாவின் கை ஜாக்கெட்டுக்குள், விலாப் பக்கம் போயிற்று. நான் எதிர்க்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலையைப் பார்த்தேன். பாவம், அதை ஒருத்தரும் சீந்தவில்லை.

பல்லைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். தேய்ந்த கடைவாய்ப்பல் முன்னால் விழ விழ, பின்னாலிருந்து புதுசு நகர்ந்து வந்துகொண்டே இருக்கும், ஆயுசு முழுக்க. "குடுத்துவச்ச ஜென்மம்" என்று தன் பல்செட்டைத் தட்டிக் காட்டினார்.

காரில் ஏறி ரொம்ப நேரம் கழித்து: "சின்ன வயசுல கறி தின்னுருக்கேன்."

"எதை?"

"ஆவுளியா. வலையில மாட்டும். ஊருக்கே பங்கு வைப்பாக." பிறகு, "இப்ப தொட்டா ஜெயிலு. நல்லதுதான்." பாக் விரிகுடாவில் 2022-இல் அதற்கென்றே 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது அவருக்குத் தெரிந்திருந்தது. ருசி எப்படி இருந்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று இட்லி சாப்பிட்டார். மூன்று!

ஜனவரி 18

இருமல். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று இவர் சொல்லவில்லை, பார்த்தார்.

ஜனவரி 20

போன் அடித்தது. என் கார் வாரண்டி முடியப் போகிறதாம். கத்திவிட்டேன், பாவம் அந்தப் பையன்.

இந்த வாரம் வெயில் ஏறுகிறது. ஆறு 68-ஐத் தாண்டினால் எல்லாம் கலைந்து மேயப் போய்விடும். பசிக்காதா அவற்றுக்கும்? ஊற்றுக்குள் தின்ன எதுவும் பெரிதாகக் கிடையாது. அப்பா இன்னொரு தரம் போகலாமா என்கிறார்.

ஜனவரி 21

கூப்பிட்டார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். நாளை பத்தரைக்கு நேரில், கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னாள். அப்பாவிடம் வழக்கமான செக்கப் என்றேன். சரித்தா என்றார். இவர் லீவு கேட்டிருக்கிறார். வண்டிக்கு எண்ணெய் போட வேண்டும், பழைய ரிப்போர்ட்டெல்லாம் எந்தப் பையில்