ஒரு கிலோ நெல்லுக்கு எவ்ளோ தண்ணி?

போன குறுவைல சும்மா ஒரு கிறுக்கு. போர் தண்ணி விழுற எடத்துல 200 லிட்டர் ட்ரம்ம வச்சு போன்ல டைம் பாத்தேன், 20 செகண்ட்ல ரொம்பிடுச்சு, அப்ப மணிக்கு 36,000 லிட்டர். மோட்டார் ஓடுன நேரத்த காலண்டர்ல குறிச்சுட்டே வந்தேன், ஒரு ஏக்கருக்கு மொத்தம் 130 மணி நேரம், அதாவது 46.8 லட்சம் லிட்டர்!! கண்டுமுதல், அதாவது அறுத்து கெடச்ச நெல்லு, 60 கிலோ மூட்டைல 30. வகுத்துப் பாத்தா கிலோவுக்கு 2,600 லிட்டர், இதுல மழைத்தண்ணி வேற சேக்கல.

"கரண்டே ஃப்ரீ, நீ ஏன்டா கணக்கு பாக்குற"ன்னு சித்தப்பா சிரிச்சாரு. மீட்டர் ஓடாததாலதான சித்தப்பா யாருக்குமே கணக்கு தெரியல.

இந்த தடவ ஓட்டை போட்ட பிவிசி பைப்ப வயல்ல பொதச்சிருக்கேன், உள்ள மண்ண எடுத்துட்டா மண்ணுக்குக் கீழ தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும், 15 செ.மீ. கீழ போனாதான் மறுபடி தண்ணி கட்டணும். பூக்குற சமயத்துல மட்டும் காயவிடக் கூடாது. மேல வெடிப்பு விட ஆரம்பிச்சதும் பயந்து ஓடிப்போய் பாத்தேன், பைப்புக்குள்ள 9 செ.மீ.லயே தண்ணி நிக்குது, ஸ்விட்ச்ச போடாம திரும்பிட்டேன்.