ஏரிகள் எல்லாம் வயலில் கிடந்தன

திருச்சி மாவட்ட ஏரிகளை இணைய வரைபடத்தில் காட்டலாம் என்று நண்பர் ஒரு பழைய சிடியிலிருந்து எடுத்த ஜிப்பை அனுப்பினார். உள்ளே ஏரிகளின் வடிவம் இருக்கும் எஸ்ஹெச்பி, பெயர் முதலிய விவரம் இருக்கும் டிபிஎஃப் என்று இரண்டே கோப்புகள். ஷேப்ஃபைல் என்ற இந்த வரைபடக் கோப்பு தனிக்கட்டை அல்ல, பல கோப்புகள் சேர்ந்த கூட்டுக் குடும்பம். நகலெடுத்தவர் எஸ்ஹெச்எக்ஸையும் பிஆர்ஜேயையும் விட்டுவிட்டார்.

எஸ்ஹெச்எக்ஸ், எந்த வடிவம் எங்கே என்று சொல்லும் வெறும் அட்டவணை. ஜிடால் என்ற வரைபட மென்பொருள் அதைத் திரும்ப உண்டாக்கிவிட்டது. ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் பிஆர்ஜே இல்லாததுதான் படுத்தி எடுத்தது. எண்கள் 78, 10 என்று டிகிரியில் இருந்தன. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையாகத்தான் இருக்கும் என்று, ஜியோஜேசன் என்ற இணைய வடிவத்துக்கு மாற்றி, லீஃப்லெட் என்ற இணைய வரைபட நிரலில் ஏற்றினேன். பிழைச்செய்தி எதுவும் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் போட்ட பிறகுதான் பார்க்கிறேன், ஒவ்வொரு ஏரியும் கரையைத் தாண்டி வயலில் கிடக்கிறது. வரைந்தவர் கை பிசகியிருந்தால் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். இவை எல்லாமே ஒரே திசையில், நூறு மீட்டருக்கு மேல்.

அப்படியென்றால் பிசகு டேட்டத்தில், அதாவது பூமியின் எந்த மாதிரி வடிவத்தை வைத்து அளந்தார்கள் என்பதில். பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தில் வரையப்பட்டவை. ஜிடாலின் மாற்றுக் கருவியான ஓஜிஆர்2ஓஜிஆரில் மூலம் இபிஎஸ்ஜி எண் 4146, அதாவது அந்த நீள்கோளத்தில் அமைந்த கல்யாண்பூர் 1975 டேட்டம், இலக்கு 4326, அதாவது டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தேன். ஏரிகள் கரைக்குள் வந்தன. கொஞ்சம் பிசகு இன்னும் உண்டு, ஏரிக்கு அது பரவாயில்லை.

இதற்கு நடுவே கல்லணைக்குக் கையால் ஒரு குறி வைத்தேன். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில். லீஃப்லெட் குறிக்கு அட்சரேகை முதலில். மாற்றிக் கொடுத்ததில் கல்லணை வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டுக்குப் போய்விட்டது!

பெயர்களைத் தமிழில் சேர்த்து மறுபடி ஷேப்ஃபைலாகவே சேமித்தது என் முட்டாள்தனம். டிபிஎஃபில் தலைப்புக்கு 10 பைட்தான்; யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், அதோடு சேரும் புள்ளி, கால் போன்ற ஒவ்வொரு துணைக்குறிக்கும் தனித்தனியே 3 பைட். 'ஏரிப்பெயர்' என்ற தலைப்பு 'ஏரி'யாகி, பின்னால் ஒரு உடைந்த பைட் தொங்கியது. மாவட்டத்துக்கு 50 பைட் ஒதுக்கியிருந்தேன். 'திருச்சிராப்பள்ளி'க்கு 51 வேண்டும். கடைசி இகரக் குறி போய் அங்கே கேள்விக்குறி.

கடைசியில் எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் ஒரே கோப்பாக்கி நண்பருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "நல்லா இருக்கு. இதையே ஷேப்ஃபைலா தர முடியுமா?"